புட்டிக்கு வயது ஏறுமா?

கிள்ளானில் என் சித்தப்பா வீட்டுக் கண்ணாடி அலமாரியில், பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கும் அவர் பூப்பந்தில் வென்ற கோப்பைக்கும் பின்னால், ஒரு புட்டி 26 ஆண்டுகளாக நின்றிருந்தது. அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். 1998இல் ஒரு கப்பல் அதிகாரி விடைபெறும்போது கொடுத்துவிட்டுப் போன அமெரிக்க பர்பன் விஸ்கி அது. லேபிளில் 12 என்ற எண் பெரிதாக இருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் சித்தப்பா அதை எடுத்துக் காட்டுவார், ஆனால் திறக்கமாட்டார்.

"வாங்கும்போதே அதுக்கு 12 வயசு. நம்ம வீட்டுக்கு வந்து 26 ஆச்சு. கூட்டிப் பாரு தம்பி, 38 வருஷச் சரக்கு" என்பார்.

இந்தக் கணக்கை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில், செந்தூலில், பெட்டாலிங் ஜெயாவில், மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த புட்டி ஏதாவது ஒரு அலமாரியில் இருக்கும். விஸ்கி பழசாகப் பழசாக நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியானால் நம் வீட்டில் இருக்கும் புட்டிக்கும் ஆண்டுக்கு ஒரு வயது ஏறத்தானே வேண்டும்?

ஏறாது. ஏன் ஏறாது என்று புரிந்துகொள்ள முதலில் ஒரு நாளைக்கு மேல் தாங்காத ஒரு பானத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கள்ளுக்கு ஒரு நாள் ஆயுள்

நம் தாத்தா காலத்துத் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது. தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், வடிகிற சாறு சொட்டும்போதே புளிக்கத் தொடங்கும். காற்றிலும் கலயத்தின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. வேதியியலில் இந்தச் சத்துக்கு எத்தனால் என்று பெயர். காலையில் இனிப்பு, மதியம் கடுப்பு, மாலையில் புளிப்பு. அப்புறம் வேறொரு கூட்டம் பாக்டீரியா வந்து அந்த எத்தனாலையும் காடியாக்கிவிடும். மறுநாள் அது குடிக்க ஆகாது, ஊறுகாய்க்குத்தான் ஆகும்.

கள்ளைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் முதலானோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்பது. வாங்கிய கூலி அன்றைக்கே கலயத்தில் கரைந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் கேட்டது அது. மதுவின் அறிவியலை எழுத உட்கார்ந்தபோது, நம் ஊரில் அதற்கு இருக்கும் இந்த வரலாற்றை நான் ஒதுக்கி வைக்க விரும்பவில்லை.

கள்ளுக்குள் காலத்தை நகர்த்துவது உயிர். அந்த உயிரை நிறுத்திவிட்டால்? புளித்த சாற்றைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பதுதான் வடித்தல். எத்தனால் சுமார் 78 பாகையில் கொதிக்கும், தண்ணீர் 100 பாகையில். ஆகவே முதலில் எழும் ஆவியில் சாராயச் சத்து மிகுந்திருக்கும். வடித்தெடுத்ததில் பாதிக்கு மேல் எத்தனால் என்றால் அதில் எந்த நுண்ணுயிரும் வளராது. புளிக்கவைக்க யாரும் இல்லை, காடியாக்கவும் யாரும் இல்லை. கண்ணாடிப் புட்டியில் ஊற்றி இறுக மூடினால், பத்தாண்டு கழித்தும் ஏறக்குறைய அதே பானம்தான் இருக்கும். தண்ணீர்போல் நிறமில்லாமல், நாக்கைச் சுடும் கோரமான பானம்.

அப்படியானால் தேன்நிறமும் வனிலா மணமும் எங்கிருந்து வருகின்றன?

மரம் செய்கிற வேலை

பதில் பீப்பாயில் இருக்கிறது. பர்பனுக்கு அமெரிக்கச் சட்டம் சில வரையறைகள் வைத்திருக்கிறது. தானியக் கலவையில் 51 விழுக்காடாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். பீப்பாயில் ஊற்றும்போது சாராயச் செறிவு 62.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முக்கியமானது அடுத்த விதி: அது புதிய ஓக் பீப்பாயாக, உட்புறம் தீயில் கருக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஓக் என்பதைத் தமிழில் கருவாலி மரம் என்கிறோம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி பர்பன் செய்ய முடியாது. அந்தப் பழைய பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறிப் போய் அங்கே வேறு விஸ்கிக்குப் பயன்படுகின்றன.

ஏன் ஓக்? அமெரிக்காவில் வெள்ளை ஓக், சிவப்பு ஓக் என்று இரண்டு வகை உண்டு. சிவப்பு ஓக்கில் நீரேறும் குழாய்கள் திறந்தே கிடக்கும். அதன் சிறு துண்டை வாயில் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும். அதில் பீப்பாய் செய்தால் ஒழுகிவிடும். வெள்ளை ஓக்கிலோ மரமே தன் குழாய்களுக்குள் சவ்வுபோன்ற அடைப்புகளை வளர்த்துக்கொள்கிறது. ஆணியோ பசையோ இல்லாமல், நீராவியில் வளைத்த பலகைகளை இரும்பு வளையங்களால் இறுக்கினாலே போதும், சொட்டுக்கூட வெளியே வராது. ஆனால் ஆவி மட்டும் மெல்ல மெல்லப் போகும், வரும். கண்ணாடியால் முடியாதது இதுதான்.

கருக்கும்போது பீப்பாய்க்குள் தீயைச் சுமார் முக்கால் நிமிடம், சில நேரம் ஒரு நிமிடம் வரை எரியவிடுவார்கள். ஆழமாகக் கருகிய பலகை முதலைத் தோல்போல் வெடித்திருக்கும். இந்தக் கரியடுக்கு நம் வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் கரியைப் போல வேலை செய்து, புதுச் சாராயத்தின் கந்தக வாடையை உறிஞ்சுகிறது. கரிக்கு அடுத்த, வெந்து சிவந்த அடுக்குதான் கருவூலம். மரத்தின் நார்களைப் பிணைத்து நிறுத்தும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடைந்து வனிலின் ஆகிறது. வனிலா ஐஸ்கிரீமில் நாம் முகர்வது இதே மூலக்கூற்றைத்தான். மரத்தில் இருக்கும் சர்க்கரைக் கோவை ஒன்று உடைந்து கருகிய வெல்லப்பாகின் மணத்தையும் நிறத்தையும் தருகிறது.

மூன்றாவது ஒன்று உண்டு. தமிழ் மூக்குக்கு அது உடனே பிடிபடும்: ஓக் லாக்டோன் என்ற எண்ணெய்ப் பொருள். அதன் மணம் தேங்காய். வெள்ளை ஓக்கில் இது நிறைய உண்டு. பர்பனை முகரும் நம் ஆட்கள் "தேங்காய் எண்ணெய் வாசம் வருதே" என்று சொன்னால் அது கற்பனையில்லை.

இவற்றோடு மரத்தின் துவர்ப்பும் இறங்குகிறது, பலகைகள் வழியே ஊறிவரும் காற்றின் ஆக்சிஜனும் வேலை செய்கிறது. சாராயத்திலிருக்கும் அமிலங்களும் எத்தனாலும் மெல்லச் சேர்ந்து எஸ்டர்கள் என்னும் பழமணப் பொருள்கள் உண்டாகின்றன. பர்பனில் நிறம் சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. கண்ணில் படும் செம்பழுப்பு முழுக்க மரம் கொடுத்தது.

லேபிளில் இருக்கும் 12 என்ற எண் இதைத்தான் எண்ணுகிறது: மரத்தோடு இருந்த ஆண்டுகளை. பல பீப்பாய்களைக் கலந்திருந்தால், அவற்றில் மிக இளைய பீப்பாயின் வயதைத்தான் போட வேண்டும். கண்ணாடிக்கு மாறிய நாளில் அந்த எண்ணிக்கை நின்றுவிடுகிறது.

கிள்ளானில் ஒரு பீப்பாய்

சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் விடவில்லை. "அப்போ நம்ம ஊர்ல பீப்பாயிலேயே வெச்சா? இந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் பழுக்குமே?" என்றார். நல்ல கேள்வி. காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டோம். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

பர்பன் பீப்பாய் 53 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 200 லிட்டர் கொள்ளும். ஒவ்வோர் ஆண்டும் அதில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். வடிசாலைக்காரர்கள் இதை ஏஞ்சல்ஸ் ஷேர் என்பார்கள். நாம் தேவதைப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். குளிரான ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு. பர்பனின் தாயகமான, கோடையில் தகிக்கும் கென்டக்கியில் 4 விழுக்காடு அல்லது சற்று மேலே. பெங்களூரில் 1948இல் தொடங்கிய அம்ருத் நிறுவனம் தன் ஒற்றை மால்ட் விஸ்கியை 2004இல் கிளாஸ்கோ நகரில் அறிமுகப்படுத்தியது. அவர்களுடைய கிடங்கில் தேவதைப் பங்கு 11, 12 விழுக்காடு. கிள்ளானுக்கு நமக்கென்று தனிக் கணக்கு வேண்டாம், பெங்களூரின் 11ஐ இரவல் வாங்கிக்கொள்வோம்.

முதல் ஆண்டு 200 லிட்டரில் 22 போகும், 178 மிஞ்சும். இரண்டாம் ஆண்டு 178இல் 11 விழுக்காடு, அதாவது சுமார் 20 லிட்டர் போகும், 158 மிஞ்சும். மூன்றாம் ஆண்டு முடிவில் 141. நான்காவதில் 125. ஐந்தாவதில் 112. ஆறாம் ஆண்டு முடியும்போது 99 லிட்டர். பாதி போய்விட்டது!

ஆண்டுக்கு 11 என்றால் ஒன்பது ஆண்டில் பீப்பாய் காலி என்று சித்தப்பா முதலில் நினைத்தார். அப்படியில்லை. மிஞ்சியதில்தான் ஒவ்வொரு முறையும் 11 விழுக்காடு எடுக்கப்படுகிறது. சேமநிதியில் ஆண்டுதோறும் ஈவுத்தொகை சேர்ந்து பணம் வளர்கிறதே, அதே கூட்டுக் கணக்கைத் தலைகீழாக ஓட்டினால் வருவது இது. பீப்பாய் ஒருநாளும் ஒரேயடியாகக் காலியாவதில்லை. தேய்ந்துகொண்டே போகும்.

12 ஆண்டில் என்ன மிஞ்சும் என்று மூன்று ஊருக்கும் போட்டோம். ஸ்காட்லாந்தில் 157 லிட்டர். கென்டக்கியில் 123. நம் கிடங்கில் 49. அதாவது முக்கால் லிட்டர் புட்டியில் அடைத்தால் ஸ்காட்லாந்தில் 200க்கு மேல், இங்கே 65. இதையே 23 ஆண்டுக்கு நீட்டினால் கென்டக்கியில் 78 லிட்டர், கிள்ளானில் 14 லிட்டர்கூட வராது. ஒரு குடத்தளவு.

கென்டக்கியில் 23 ஆண்டு மரத்தில் கிடந்த பர்பன் ஏன் இவ்வளவு அரிது என்பதில் ஒரு பாதி இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. பாப்பி வான் விங்கிள் 23 என்ற புட்டிக்காகச் சேகரிப்பாளர்கள் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். 2013இல் பஃபலோ டிரேஸ் வடிசாலையிலிருந்து பாப்பி வகைப் புட்டிகள் ஏறத்தாழ 200 திருடுபோனதாகச் செய்தி வந்தபோது அமெரிக்காவே பேசியது.

மறுபாதி, சுவையில் இருக்கிறது. வெயில் ஆவியை மட்டும் விரட்டுவதில்லை, மரத்தின் சாற்றையும் வேகமாக இறக்குகிறது. கடையில் தே-ஓ கேட்டுவிட்டுத் தேயிலைப் பொட்டலத்தை எடுக்க மறந்து, பேசிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? நிறம் நன்றாக ஏறியிருக்கும், வாயில் வைக்க முடியாது. பர்பனுக்குப் புதுப் பீப்பாய் என்பதால் அது முதல் டிக்காஷன். ஸ்காட்லாந்துக்காரர்கள் பழைய பீப்பாயில் இரண்டாம் டிக்காஷன் போடுகிறார்கள், அதனால் 30 ஆண்டு வைத்தாலும் தாங்குகிறது. பர்பனில் 15 ஆண்டைத் தாண்டும்போதே பல பீப்பாய்கள் துவர்த்துக் கசந்து, பலகையை நக்குவதுபோல் ஆகிவிடும். 23 வரை நின்று, குடிக்கவும் நன்றாக இருக்கிற பீப்பாய் அபூர்வம்.

சித்தப்பா கேட்டதற்கு அதனால் பாதிதான் ஆம் சொல்ல முடியும். சூட்டில் சீக்கிரம் நிறமும் மரமணமும் ஏறும். தைவானில் 2005இல் தொடங்கிய கவலான் வடிசாலை நாலைந்து ஆண்டு விஸ்கியால் உலகத்தை வியக்கவைத்தது அப்படித்தான். ஆனால் எஸ்டர்கள் சேர்வது, காற்றோடு உறவாடிக் காரம் தணிவது போன்ற சில வேலைகளுக்கு நேரமும் வேண்டும். வெப்பநிலையைக் கூட்டினால் எல்லா வேலையும் ஒரே அளவில் வேகம் பிடிப்பதில்லை. ஆகவே வெப்பநாட்டு 6 ஆண்டு குளிர்நாட்டு 18 ஆண்டுக்குச் சமம் என்ற விளம்பரப் பேச்சை நான் ஏற்பதில்லை. அது வேறு ஒரு பானம். தன் அளவில் அருமையான பானமாகவும் இருக்கலாம்.

நம் ஊருக்கு இன்னும் இரண்டு தனித்தன்மை உண்டு. கென்டக்கியில் கோடை 30 பாகையைத் தாண்டும், குளிர்காலம் உறைநிலைக்குக் கீழே போகும். சூட்டில் சாராயம் விரிந்து பலகைக்குள் புகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். பீப்பாய் ஆண்டுக்கொருமுறை நெடுமூச்சு விடுகிறது என்று சொல்லலாம். கிள்ளானில் பகலில் 32, இரவில் 24. வருடம் முழுக்க அதேதான். 200 லிட்டர் திரவம் ஓரிரவில் பெரிதாகக் குளிர்ந்துவிடாது. நமக்குச் சூடு உண்டு, பருவம் இல்லை. அடுத்தது ஈரம். கென்டக்கிக் கிடங்கின் மேல்தளங்கள் வறண்டவை, அங்கே தண்ணீர் அதிகம் வெளியேறிச் சாராயச் செறிவு ஆண்டுக்காண்டு ஏறும். நம் காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. துவைத்த துணியே காயமாட்டேன் என்கிற ஊர். தண்ணீர் தங்கிவிட, எத்தனால் மட்டும் ஓடிப்போகும். 62.5இல் தொடங்கிய செறிவு இறங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் விஸ்கி என்று சொல்லத் தேவையான 40 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும்.

அலமாரியில் என்ன நடந்தது

2024 தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, புட்டியைத் திறப்பது என்று முடிவாயிற்று. முதலில் வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தோம். லேபிளின் ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள், நம் ஈரக்காற்றின் பூஞ்சை. திரவமட்டம் கழுத்திலிருந்து இரண்டு விரல் இறங்கியிருந்தது. யாரும் தொடாத புட்டி அது.

கார்க்கைத் திருகியதும் அது பாதியில் உடைந்தது. மேல்பாதி என் கையில், கீழ்ப்பாதி கழுத்துக்குள் பொடியாக. தவறு என்னுடையதுதான், அவசரப்பட்டு இழுத்துவிட்டேன். சித்தி தேங்காய்ப்பால் பிழியும் மெல்லிய துணியைக் கொண்டுவந்தார். வடிகட்டி, சமையலறை அளவுக் குவளையால் அளந்தோம். 750 மில்லி இருக்க வேண்டிய இடத்தில் 690. காணாமற்போன 60 மில்லியை 26 ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்கு இரண்டேகால் மில்லிக்குச் சற்று மேல். தேக்கரண்டியில் பாதி.

மரமில்லாத புட்டியிலும் தேவதைக்குப் பங்கு உண்டு. கார்க்கின் நுண்துளைகள் வழியே அது போகிறது. வாங்கியது ஒன்றும் இல்லை, இழந்தது மட்டும் உண்டு. இழந்ததிலும் எத்தனாலும் எளிதில் ஆவியாகும் பழமணங்களும்தான் முந்திக்கொண்டு போயிருக்கும். பழைய புட்டிக்கென்று தனிச்சுவை இருப்பதாகச் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். கண்ணாடிக்குள்ளும் சில வேதிவினைகள் நத்தை வேகத்தில் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் மரம் இல்லாமல் வனிலின் கூடாது, லாக்டோன் கூடாது. 38 என்ற கணக்குக்கு அதில் இடமில்லை. அது 26 ஆண்டு காத்திருந்த 12 வயது விஸ்கி.

புட்டியைச் சேர்த்து வைப்பவர்களுக்கு இதிலிருந்தே வழி கிடைக்கும். ஒயினைப் போலப் படுக்கவைக்கக் கூடாது, செறிந்த சாராயம் கார்க்கை அரிக்கும், நிமிர்ந்தே நிற்கட்டும். வெயில்படும் கண்ணாடி அலமாரியைவிட இருட்டான உள்ளறை அலமாரி நல்லது. சூரிய ஒளி நிறத்தையும் மணப்பொருள்களையும் சிதைக்கும். திறந்த புட்டியில் பாதிக்குமேல் காற்று என்றால் மிச்சத்தைச் சிறு புட்டிக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்பி வையுங்கள்.

போலியைக் காட்டிக்கொடுக்கும் அணுகுண்டு

"இப்படியே வித்திருந்தா எவ்வளவு கிடைச்சிருக்கும் மாமா?" என்றார் மாப்பிள்ளை. பெரிய விலை எதுவும் கிடைத்திருக்காது, அது பலரும் வாங்கிய சாதாரணப் புட்டிதான். ஆனால் அரிய புட்டிகளுக்கு விலை ஏற ஏற, போலிகளும் பெருகிவிட்டன. சுவிட்சர்லாந்தின் செயிண்ட் மோரிட்ஸ் நகர விடுதி ஒன்றில் 2017இல் 1878ஆம் ஆண்டு மெக்காலன் என்று சொல்லி ஒரு சிறு குவளை விஸ்கி ஏறத்தாழ 10,000 சுவிஸ் பிராங்குக்கு விற்கப்பட்டது. விடுதியே பிறகு அதைச் சோதனைக்கு அனுப்பியது. முடிவு: அது 1970களின் தொடக்கத்தில் செய்த கலப்பு விஸ்கி. வாடிக்கையாளரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? காற்றில் இருக்கும் கார்பனில் மிகச்சிறு பங்கு கதிர்வீசும் கார்பன் 14. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததில் அதன் அளவு ஏறக்குறைய இரட்டித்தது. அத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்ல இறங்கிவருகிறது. வாற்கோதுமையும் மக்காச்சோளமும் தாம் வளர்ந்த ஆண்டின் காற்றிலிருந்துதான் கார்பனை எடுத்துக்கொள்கின்றன. அந்தத் தானியத்தில் செய்த எத்தனாலிலும் அதே அளவு பதிந்திருக்கும். 1878இல் அறுத்த தானியத்தில் அணுகுண்டின் சுவடு இருக்க வழியில்லை. ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுமையம் 2018இல் இப்படி 55 அரிய புட்டிகளைச் சோதித்தது. அவற்றில் 21 போலி.

அங்கே போலியால் போனது பணம். நம் பள்ளத்தாக்கில் அதே 2018இன் செப்டம்பரில் போனது உயிர். கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் மலிவான போலி மதுவைக் குடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் ஊரைவிட்டு வந்து உழைத்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அந்த மதுவில் எத்தனாலுக்குப் பதில் மெத்தனால் கலந்திருந்தது. இரண்டுக்கும் மணத்திலும் சுவையிலும் வேறுபாடு தெரியாது. உடலுக்குள் போனதும் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. பார்வை மங்குவது, வாந்தி, மூச்சுத் திணறல் எல்லாம் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெத்தனாலை நஞ்சாக்கும் நொதியை அடைத்துவைக்கும் மாற்று மருந்து அங்கே உண்டு, நேரத்தோடு கொடுத்தால்தான் பயன். பூஞ்சை பிடித்த லேபிளைப் பார்த்து வியப்பதற்கு முன்னால் புட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் இரண்டு வகைப் போலிக்கும் உதவும்.

மிளகாயின் உறவுக்காரன்

சித்தப்பா குவளையில் விரல் அளவு ஊற்றினார். முதல் வாயில் எல்லாருக்கும் நாக்கு எரிந்தது. ஏன் எரிகிறது? பானம் சூடாக இல்லையே.

நம் நாக்கிலும் தோலிலும் சூட்டை அறிவிக்கும் ஓர் ஏற்பி உண்டு, நரம்பின் நுனியில் இருக்கும் புரதக் கதவு. சாதாரணமாக 42 பாகையைத் தாண்டினால்தான் அது திறந்து மூளைக்குச் 'சுடுகிறது' என்று சொல்லும். எத்தனால் பட்டால் அந்த எல்லை 34க்கு இறங்கிவிடுகிறது. நம் உடற்சூடே 37. ஆகவே நம் நாக்கின் சூடே நமக்குச் சுடுகிறது! பச்சைமிளகாயின் காரத்தை உணர்த்துவதும் இதே கதவுதான். அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பியின் அறிவியல் பெயரில் வனிலா ஒளிந்திருக்கிறது. மிளகாயின் காரப்பொருளும் ஓக் மரம் தந்த வனிலினும் மூலக்கூற்றின் ஒரு பகுதியைப் பொதுவாகக் கொண்ட உறவுக்காரர்கள் என்பதால் வந்த பெயர் அது.

எரிச்சல் அடங்கினால்தான் மணம் தெரியும். அதற்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் போதும். ஸ்வீடன் வேதியியலாளர்கள் கார்ல்சனும் ஃபிரீட்மனும் 2017இல் கணினிப் போலாக்கத்தால் இதைக் காட்டினார்கள். விஸ்கியின் புகைமணப் பொருளான குவயாகால், செறிவு மிகுந்த சாராயத்தில் எத்தனால் கூட்டத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது. செறிவு 45க்குக் கீழே இறங்கும்போது மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது, அங்கிருந்து மூக்குக்கு எளிதாக எட்டும். தண்ணீர் விட்டுக் குடிப்பது ரசனைக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தண்ணீர் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்தோம். கருகிய வெல்லம் முதலில் வந்தது. அப்புறம் ஏலக்காயை நினைவூட்டும் ஏதோ ஒன்று. விழுங்கியபின் தொண்டைக்குப் பின்வழியே மூக்குக்கு ஏறியதுதான் தெளிவாக இருந்தது: பழைய மரப்பெட்டி, வனிலா. நடுவில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது, பழமணம் இருந்திருக்க வேண்டிய இடம். சித்தப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நல்லாத்தான் இருக்கு. 12 வயசுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மிச்சத்தைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்த இரண்டு சிறு புட்டிகளில் கழுத்துவரை நிரப்பி, அன்றைய தேதியை எழுதி ஒட்டினோம். அவற்றில் ஒன்று பேரனின் 21ஆம் பிறந்தநாளுக்கு.

மறுநாள் காலை சித்தி குவளைகளைக் கழுவப் போனவர் ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டுக் கூப்பிட்டார். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவரில்லை. இரவெல்லாம் எத்தனால் பறந்துபோய், எளிதில் ஆவியாகாத வனிலினும் லாக்டோனும் மட்டும் கண்ணாடியில் ஒட்டியிருந்தன.

"என்ன இது, தேங்காய்ப்பால் பாயசம் வெச்ச கிண்ணம் மாதிரி மணக்குது?" என்றார்.